தாங்கும் ஒலி

வழிபாட்டில் வாத்தியத்துக்கு என்ன வேலை? பார்வைக்கு இது சிறிய கேள்விதான். கோயில் என்றால் மேளம் இருக்கும், தேவாலயம் என்றால் ஆர்கன் இருக்கும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இந்தச் சிறிய கேள்விக்காக மனிதர்கள் பல நூற்றாண்டுகளாகச் சண்டையிட்டிருக்கிறார்கள். கருவிகளை உடைத்திருக்கிறார்கள், போதகர்களை விசாரித்திருக்கிறார்கள், ஒரு நாட்டின் பாராளுமன்றமே கூடி உத்தரவு போட்டிருக்கிறது. இவ்வளவும் ஓர் ஒலிக்காகவா? ஒலிக்காக மட்டும் அல்ல என்றே நான் நினைக்கிறேன். கடவுளுக்கு முன்னால் வாய் திறக்க வேண்டியவர் யார் என்பதற்காகத்தான் அந்தச் சண்டை.

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆகவே இது உள்ளேயிருந்து வரும் தீர்ப்பு அல்ல. திண்ணையில் உட்கார்ந்து கேட்டவனின் யோசனை. திண்ணை, தருமபுரிச் சீமையைச் சேர்ந்தது.

தருமபுரிக்கும் தேவாலய ஆர்கனுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. 1792-ல் பாரமகால் பிரதேசம் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியாரின் கைக்கு மாறியது. அதற்கு வரித்திட்டம் வகுக்க அனுப்பப்பட்ட இளம் ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஏழாண்டுக் காலம் இந்தப் பக்கத்தில் கிராமம் கிராமமாகக் குதிரையில் சுற்றியவர். தருமபுரியில் தோட்டம் போட்டு, அதைப் பிரிய மனமில்லாமல் போனவர். பிறந்த ஊர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அவரே 1820-ல் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தார். அவர் கவர்னராக இருந்த காலத்தில்தான், 1821 பிப்ரவரியில், சென்னையில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்கென்று எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் திறக்கப்பட்டது. இன்றும் அதைக் ‘கிர்க்’ என்றே சொல்லுகிறார்கள். கிணறுகள் இறக்கி, அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டு, டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர் கட்டிய வட்டமான கோயில்.

அந்தக் கோயிலுக்குள் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஆர்கன். பச்சையும் பொன்னுமாக வண்ணம் பூசிய குழாய்கள் வரிசை வரிசையாக நிற்கும். இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்துக் கொனாக்கர் நிறுவனத்தார் செய்தது. 1883-ல் இங்கே நிறுவப்பட்டது.

ஆர்கன் என்பது அடிப்படையில் நம்முடைய புல்லாங்குழலின் பெருங்குடும்பம். ஒரு குழாய்க்கு ஒரே ஸ்வரந்தான். அதனால் நூற்றுக்கணக்கான குழாய்கள் வேண்டும். எட்டடி உயரக் குழாய் ஆழ்ந்த மந்தர ஸ்வரம் எழுப்பும்; விரல் நீளக் குழாய் கீச்சிடும். வாசிக்கிறவர் கட்டையை அழுத்தினால் அந்தக் குழாயின் அடியில் ஒரு வாய் திறக்கும். துருத்தியில் அடைபட்டிருக்கும் காற்று பாய்ந்து ஏறும். வீணையை மீட்டினால் நாதம் அந்தக் கணமே தேயத் தொடங்குகிறது. ஆர்கனில் அப்படி இல்லை. விரல் எடுக்கும் வரையில் நாதம் ஆடாமல் அசையாமல் நிற்கும். மின்சாரம் வருவதற்கு முன்னால் அந்தக் காற்றை அடைத்துக்கொண்டிருந்தவன் ஓர் ஆள். பின்னால் மறைவில் நின்று துருத்தியை மிதிப்பான். அல்லது கைப்பிடியை ஏற்றி இறக்குவான். வாசித்தவரின் பெயர் சில இடங்களில் கல்லில் இருக்கும். காற்றுக் கொடுத்தவனின் பெயர் எங்கும் இராது. அவன் கை ஓய்ந்தால் அத்தனை கம்பீரமும் முனகி அடங்கிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மன்றோ வளர்ந்த ஸ்காட்லாந்தில் ஆலயத்துக்குள் ஆர்கனே கூடாது. 1807-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அதே கிளாஸ்கோவில், வில்லியம் ரிச்சி என்ற போதகர் தம் ஆலயத்தில் ஆர்கனை வாசிக்கச் செய்தார். ஊரே அமளிப்பட்டது. சபையின் மூத்தோர் மன்றம் கூடி விசாரித்து, இது நாட்டின் சட்டத்துக்கும் சபையின் அமைப்புக்கும் விரோதம் என்று அக்டோபரில் தீர்ப்புச் சொல்லித் தடுத்துவிட்டது. தெருவில் பெட்டி வாசித்துப் பிழைப்பவரைப் போல அவரை வரைந்து கேலிச்சித்திரம் போட்டார்கள். பிறகு 1860-களில் எடின்பரோவில் ராபர்ட் லீ என்ற போதகர் முதலில் ஆர்மோனியத்தையும், அப்புறம் ஆர்கனையும் துணிந்து கொண்டுவந்த பின்புதான் கதவு மெல்லத் திறந்தது. கதவு திறந்து இருபது ஆண்டு ஆவதற்குள் எழும்பூரில் ஆர்கன் வந்து நிற்கிறது. பாட்டன் பாவம் என்றதைப் பேரன் பொன் வண்ணம் பூசி வைத்தான்.

ஆர்கன் இல்லாத அந்தக் காலத்து ஸ்காட்லாந்துக் கோயிலில் எப்படிப் பாடினார்கள்? முன்னால் ஒருவர் நிற்பார். ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். சபை அதை வாங்கிப் பாடும். படிக்கத் தெரியாதவர்களுக்கும், புத்தகம் வாங்க வழியில்லாதவர்களுக்கும் அதுவே வழி. இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. மார்கழிப் பஜனையில் முன்னால் போகிறவர் ஓர் அடி பாட, பின்னால் வருகிறவர்கள் வாங்கிப் பாடுவது இதே முறைதானே? தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர்க் கோயில்களில் உபதேசியார் ஓர் அடி சொல்ல, கல் உடைக்கிறவரும் களை எடுக்கிறவரும் திரும்பப் பாடியதும் இதுவேதான்.

ஆர்கனை வெறுத்தவர்களைச் சங்கீதம் தெரியாத முரடர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 1527-ல் ஜூரிச் நகரத்துப் பெரிய ஆலயத்தின் ஆர்கன் பெயர்த்து எறியப்பட்டது. அதற்குக் காரணமான சீர்திருத்தக்காரர் ஸ்விங்லி, பல வாத்தியங்களை வாசிக்கத் தெரிந்த ரசிகர்! 1644-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஆலயங்களில் உள்ள ஆர்கன்களை அகற்றச் சொல்லி ஆணையிட்டது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பலவற்றில் இன்றும் மனிதக் குரலைத் தவிர வேறு எந்த ஒலியும் இல்லை. ஆர்கனின் பூர்வோத்தரமும் அவ்வளவு புனிதமானதல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே அலெக்சாந்திரியாவில் டெசிபியஸ் என்பவர் தண்ணீரின் பாரத்தால் காற்றை அழுத்தி முதல் ஆர்கனைச் செய்தார். ரோமாபுரியில் அது மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த களியாட்ட அரங்குகளில் முழங்கியது. 757-ல் கான்ஸ்டான்டிநோபிள் சக்கரவர்த்தி பிராங்கியர் மன்னனுக்கு அதை அரச சீதனமாக அனுப்பினார். அரண்மனைக்குப் போன பொருள் அதற்கப்புறந்தான் ஆலயத்துக்குள் நுழைந்தது.

இவர்கள் அஞ்சியது எதற்கு? இதை நான்காம் நூற்றாண்டில் பிறந்த புனித அகஸ்டின் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் மிக நேர்மையாகப் பேசுகிறார். பாட்டின் பொருளைவிடப் பாட்டின் இனிமை தம்மை அதிகம் உருக்கிவிட்டால், தாம் தவறு செய்துவிட்டதாக உணர்வதாகச் சொல்கிறார். ஆனால் ஆலயத்தில் கேட்ட பாட்டால் தாம் முன்னொரு காலத்தில் கண்ணீர் விட்டதையும் அவரால் மறக்க முடியவில்லை. வேண்டும் என்கிறார்; கொஞ்சம் பயம் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறார். கச்சேரிக்குப் போய் ராகத்தில் கரைந்துவிட்டு, வீடு திரும்பியதும் கிருதியில் எந்தத் தெய்வம் என்று கேட்டால் விழிக்கிறோமே, நமக்கு இந்த ஊசலாட்டம் புரியாதா?

ஆனாலும் ஆர்கனின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். நானூறு பேர் ஒன்றாகப் பாடும்போது சுருதி இறங்கும்; காலம் இழுபடும். பாடத் தெரியாதவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் கூசி வாயை மூடிக்கொள்வான். ஆர்கன் கீழே ஒரு தரையைப் போல விரிந்து நிற்கிறது. அதன் மேல் யார் வேண்டுமானாலும் கால் வைக்கலாம். தன் குரல் தனியாகக் கேட்காது என்ற தைரியத்தில் கட்டைக் குரல்காரனும் பாடுகிறான். இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஒரு நல்ல பொருளும் இல்லாத மனிதன், வாரத்துக்கு ஒரு மணி நேரம், மன்னர்கள் சீதனமாகக் கொடுத்த ஒலியின் நடுவில் காசு கொடுக்காமல் உட்காருகிறான். ஏழைக்கு எளிமையே போதும் என்று சொல்வது பெரும்பாலும் ஏழை அல்ல. தஞ்சைக் கோபுரத்தின் நிழலில் பிச்சைக்காரனும் படுத்துக்கொள்கிறான் அல்லவா?

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த கத்தோலிக்க மறைமாவட்டம் சேலத்திலிருந்து 1997-ல் பிரிந்தது. அதற்கும் மிக முன்பிருந்தே இந்த மேட்டு நிலத்தில் சிறுசிறு கோயில்கள் உண்டு. அந்தக் கோயில்களுக்கு எட்டடிக் குழாய் எங்கே வரும்? வந்தது அதன் ஏழைத் தம்பி, ஆர்மோனியப் பெட்டி. குழாய்க்குப் பதில் பித்தளை நாக்கு. ஆளுயரத் துருத்திக்குப் பதில் கையகலத் துருத்தி. மற்றபடி குலம் ஒன்றுதான். 1840-களில் பாரிஸில் பிறந்து, பாதிரிமார்களோடு கப்பலேறி வந்து, கல்கத்தாவில் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் உருவம் பெற்று, நாடெங்கும் பரவிற்று. தருமபுரிப் பக்கத்தில் அது போகாத இடம் இல்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் விடிய விடியத் துரியோதனனுக்குச் சுருதி கொடுக்கும். காலையில் மாதா கோயிலில் கீர்த்தனைக்குச் சுருதி கொடுக்கும். பெட்டிக்கு மதம் தெரியாது.

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் பாட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேனாட்டு மெட்டில் உள்ளது பாமாலை. நம் ராகத்தில் உள்ளது கீர்த்தனை. ஆர்கனுக்கென்று பிறந்தது பாமாலை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் வளர்த்த கீர்த்தனையை ஆர்கனில் வைத்தால், அது நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி சிரமப்படும். காரணம், கட்டைக்குக் கட்டை தாவும் கருவியில் கமகம் பிறக்காது. இதே குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-ல்தான் தடை தளர்ந்தது. முப்பத்தோராண்டு வானொலி ஒதுக்கிய பெட்டியைக் கூத்து மேடையும் கோயிலும் ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.

தடைகளின் வரலாற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஆர்கன் ஆகாது. 1903-ல் போப்பாண்டவர் பத்தாம் பயஸ் பிறப்பித்த ஆணையில் ஆர்கன் ஆகும். பியானோவும் முரசும் தாளமும் ஆகா. வானொலிக்கு ஆர்மோனியம் ஆகாது. 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆர்கனுக்கு உயர்ந்த மரியாதை கொடுத்துவிட்டு, வழிபாட்டுக்குப் பொருந்துமானால் அந்தந்த நாட்டுக் கருவிகளும் வரலாம் என்று வழி விட்டது. ஒருவருக்குப் புனிதமானது இன்னொருவருக்குத் தீட்டு. அப்படியானால் புனிதம் கருவியில் இல்லை. கேட்கிறவரின் நினைவில் இருக்கிறது. எந்த இடத்தில் அந்த ஒலியை முதலில் கேட்டோமோ, அந்த இடத்தின் வாசனை அதோடு வருகிறது.

ஆனால் ஒரு தடையை மட்டும் இந்த வரிசையில் வைத்துவிட்டுக் கைகழுவ என் மனம் ஒப்பவில்லை. பறையைச் சொல்கிறேன். ஆர்கனைத் தடுத்தவர்கள் ஆர்கனைத்தான் வெறுத்தார்கள். அதை வாசித்தவனை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லவில்லை. பறையை ஒதுக்கியவர்கள் அதன் ஒலியைக் கேட்டு ஒதுக்கவில்லை. அதை அடித்த கையைப் பார்த்து ஒதுக்கினார்கள். சாவு வீட்டில் அந்தக் கை வேண்டும், ஆராதனையில் வேண்டாம். அந்தக் கைகளின் சொந்தக்காரர்களே பெருவாரியாக உட்கார்ந்திருந்த கோயில்களிலும் பறை வெளியில்தான் நின்றது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணிபுரிந்த தியோபிலஸ் அப்பாவு என்ற போதகர், ‘பரட்டை’ என்று பெயர் வைத்துக்கொண்டு கிராமத்து மெட்டிலும் கிராமத்துப் பேச்சிலும் பாட்டுக் கட்டி, பறையை வழிபாட்டுக்குள் அழைத்து வந்தார். 2005-ல் அவர் மறைந்தார். அவர் செய்தது சங்கீதச் சீர்திருத்தம் என்பது பாதிதான். துருத்தி மிதித்தவனை மறைவிலிருந்து முன்னால் கூட்டி வந்து நிறுத்தியது என்பேன்.

இதுவரை சொன்னவற்றிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. வாத்தியம் பெரியதா சிறியதா, மேனாட்டதா நம் நாட்டதா என்பது கேள்வியே அல்ல. அது குரலைத் தாங்குகிறதா, மூடுகிறதா என்பதுதான் கேள்வி.

தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அந்த ஊரை ஆண்ட அதியமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் சொன்ன செய்தி ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. மன்றத்தில் தொங்கும் முழவில் காற்று மோதி ஓசை எழுந்தாலே போதும், போர் வந்துவிட்டது என்று அவன் எழுந்துவிடுவானாம். அந்த ஓசை அவனை மகிழ்விக்கவில்லை, எழுப்பிற்று. வழிபாட்டு ஒலிக்கும் இதுவே இலக்கணம் என்று எனக்குப் படுகிறது. கேட்டவனை எழுப்ப வேண்டும். அவனுக்குப் பதிலாகத் தானே எழுந்து நின்றுகொள்ளக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஞாயிறு ஆராதனைக்கு ஒரு நண்பர் என்னை அழைத்துப் போனார். ஆர்மோனியம் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அதன் இடத்தில் மின்சாரக் கீபோர்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் தபேலா, இன்னொன்றில் வயலின் கூட்டம், இன்னொன்றில் ஆர்கனே கூட வந்தது. ஒலிபெருக்கிகள் இரண்டு, அறுபது பேருக்கு! ஓர் இளைஞர் நன்றாகவே வாசித்தார். ஒரு பெண் மைக்கில் நன்றாகவே பாடினார். இரண்டாவது பாட்டின் நடுவில் மின்சாரம் போயிற்று.

பாட்டும் போயிற்று. அறுபது பேரும் புத்தகத்தைப் பிரித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்த பெரியவரிடம், “நீங்க பாடுங்களேன், பாட்டு தெரியுமில்லீங்களா?” என்று மெதுவாகக் கேட்டேன். “தெரியுங்க. கரண்ட் இப்ப வந்துடுங்க” என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

அவர் சொன்னபடியே சில நிமிஷத்தில் வந்தது. விட்ட இடத்திலிருந்து கீபோர்டு தொடர்ந்தது. ஒருவருக்கும் குறை இல்லை. எனக்கு மட்டும் ஸ்விங்லியின் பயம் அன்றுதான் முழுதாக விளங்கிற்று. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு முன்னால் ஆர்கனைப் பார்த்து அவர்கள் என்ன சொல்லிப் பயந்தார்களோ, அது ஆர்கனில் நடந்ததைவிட இந்தச் சின்னப் பெட்டியில் எளிதாக நடந்துவிட்டது.

இதைப் படிக்கிற இந்து வாசகர் புன்னகை செய்ய வேண்டாம். நம் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் ஒரு விசையைத் தட்டினால் மோட்டார் சுழன்று, முரசையும் மணியையும் சேகண்டியையும் தானே அடிக்கிறது. ஒரு காலத்தில் அந்த முரசுக்கு ஒரு குடும்பம் இருந்தது. அதற்கு மானியம் இருந்தது. இன்று முரசு இருக்கிறது, ஓசை இருக்கிறது, கை இல்லை. ஆர்கனுக்குப் பின்னால் மறைவிலாவது ஒருவன் நின்றான். இதற்குப் பின்னால் யாரும் இல்லை. ஓசை உரக்க இருப்பதால் வழிபாடு நடப்பதாக நாம் நம்பிக்கொள்கிறோம்.

அப்படியானால் ஸ்விங்லியைப் போல எல்லாவற்றையும் பெயர்த்து எறிந்துவிடலாமா? கூடாது என்று தமிழ்நாட்டிலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். பெரியபுராணத்தில் வரும் கதை. இடமும் பெயரளவில் நம் ஊருக்கு உறவு. காரைக்காலுக்கு அருகில் உள்ள தருமபுரம். திருஞானசம்பந்தர் பாடப் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் அதை இசைத்து வந்தார். யாழ்ப்பாணரின் சுற்றத்தார், இவர் வாசிப்பதனால்தான் அந்தப் பாட்டுக்குப் பெருமை என்று பேசினார்கள். யாழ்ப்பாணருக்கே அது பொறுக்கவில்லை. யாழில் அடங்காத பாட்டு ஒன்று பாட வேண்டும் என்று சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடினார். நரம்பில் அது ஏறவில்லை. கருவி இருந்ததனால் அல்லவா இந்தப் பழி வந்தது என்று யாழ்ப்பாணர் அதை ஓங்கி உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். இறைவனின் பெருமை இதில் முழுதும் அடங்குமா? அடங்குகிற அளவுக்கு வாசியுங்கள் என்று சொல்லித் திரும்பக் கொடுத்தார்.

இதைவிட நல்ல தீர்ப்பு ரோமாபுரியிலும் கிளாஸ்கோவிலும் சொல்லப்பட்டதாக நான் படித்ததில்லை. கருவியால்தான் பாட்டு நிற்கிறது என்று சொன்ன சுற்றத்தாரும் தோற்றார்கள். கருவியே வேண்டாம் என்று ஓங்கிய கையும் தடுக்கப்பட்டது. கருவி மிஞ்சியது, தன் அளவு தெரிந்துகொண்டு.

ஆகவே எழும்பூரில் குழாய்கள் முழங்கட்டும். கிராமத்தில் கீபோர்டும் இருக்கட்டும். வெளியில் நின்ற பறை உள்ளே வரட்டும். ஒன்றே ஒன்று செய்யலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டுக்காவது, வாசிக்கிறவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். முதலில் சுருதி சேராது. யாரோ ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஐந்தாறு வாரம் பொறுத்தால் அந்தப் பெரியவரும் பாடுவார்.